டிஹெச்இஏ: உடம்பிலேயே ஊறும் ஹார்மோன் விளையாட்டில் ஏன் தடைசெய்யப்பட்டிருக்கிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் இராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். தொழிலுக்குப் போகாத அந்த நாட்களில் கடலோர ஊர்களில் கபடி சூடுபிடிக்கும். ஃபோகஸ் லைட்டின் கீழ் விடிய விடிய ஆட்டம் நடக்கும். களத்தின் ஓரத்தில் உடம்பு ஏற்றுவதைப் பற்றிய பேச்சும் கூடவே நடக்கும். எந்தப் பவுடர், எந்த மாத்திரை, எத்தனை நாளில் பலன் என்று அடுக்கப்படும் பெயர்களில் 'டிஹெச்இஏ' என்பதும் ஒன்று. "தம்பி, இது ஸ்டீராய்டு இல்லடா, நம்ம உடம்புல ஊறுறதுதான்" என்ற விளக்கமும் உடன் வரும்.

அந்த விளக்கத்தின் பிற்பாதி உண்மை, முற்பாதி பொய். குழப்பத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. இதே பெயருள்ள மாத்திரையைக் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக மதுரைக்குப் போய்வரும் பெண்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இது வைட்டமின் டப்பாக்களுடன் ஒரே அலமாரியில், மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஆனால் ஒரு விளையாட்டு வீரர் இதை வெளியிலிருந்து உட்கொண்டார் என்று அவருடைய சிறுநீரில் நிறுவப்பட்டால் நான்கு ஆண்டுத் தடைக்கு வழியிருக்கிறது. ஒரே பொருள் சிகிச்சையாகவும் கடைச்சரக்காகவும் குற்றமாகவும் இருப்பது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

'ஸ்டீராய்டு' என்ற ஒரே சொல்

ஸ்டீராய்டு என்பது ஒரு மருந்தின் பெயரன்று. ஒரு வேதிச் சட்டகத்தின் பெயர். நான்கு கரிம வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் அந்தச் சட்டகத்தைக் கொலஸ்ட்ராலிலிருந்து எடுத்து உடல் பல ஹார்மோன்களைச் செய்துகொள்கிறது. செய்தித்தாளிலும் மெடிக்கலிலும் ஜிம்மிலும் ஒரே சொல்லால் குறிக்கப்படுபவை உண்மையில் மூன்று வகை.

1. கார்ட்டிகோஸ்டீராய்டு. அட்ரினல் சுரப்பியில் ஊறும் கார்ட்டிசாலின் மருந்து வடிவங்கள் இவை: பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்றவை. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும், 2020 முதல் கடுமையான கொரோனாவுக்கும் மருத்துவர்கள் தருவது இவற்றைத்தான். தசையை இவை வளர்ப்பதில்லை. நெடுநாள் எடுத்தால் கரைக்கும்.

2. அனபாலிக் ஸ்டீராய்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனும், அதைப் பார்த்துச் செய்யப்பட்ட நான்ட்ரலோன், ஸ்டானசொலால் போன்ற செயற்கைச் சரக்குகளும் இதில் அடங்கும். தசை வளர்ப்பவை இவைதாம்.

3. முன்னோடி ஹார்மோன். தானே நேரடியாகப் பெரிதாக எதையும் செய்யாமல், உடலுக்குள் போன பிறகு டெஸ்டோஸ்டீரோனாகவோ பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாகவோ மாறக்கூடிய மூலச்சரக்கு. டிஹெச்இஏ இந்த வகை. டிஹைட்ரோஎபிஆன்ட்ரோஸ்டீரோன் என்பது அதன் முழுப் பெயர். மருந்துப் பெயர் ப்ராஸ்டீரோன்.

முதல் வகையைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு தேவை. ஒல்லியான இளைஞர்களுக்கு 'வெயிட் போடும் மாத்திரை' என்று கைமாறும் சரக்கில் டெக்ஸாமெத்தசோன் இருப்பது நாட்டின் பல பகுதிகளில் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விஷயம். பசி கூடும், கன்னம் உப்பும், தராசில் முள் ஏறும். ஏறியது தசையன்று, உடலில் தங்கிய நீரும் இடம் மாறிச் சேர்ந்த கொழுப்பும்தான். வாரக்கணக்கில் எடுத்தால், வெளியிலிருந்து வருகிறதே என்று அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று விடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். டிஹெச்இஏவில் இந்த ஆபத்து இல்லை. இரண்டையும் 'ஸ்டீராய்டு' என்ற ஒரே பெயரில் பேசுவதால்தான் எதை உடனே நிறுத்தலாம், எதை மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது தெரியாமல் போகிறது.

சிறுநீரகத்தின் மேலே அமர்ந்த சுரப்பி

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்ததுபோல ஒவ்வோர் அட்ரினல் சுரப்பி இருக்கிறது. ஒன்றின் எடை ஏறத்தாழ 4 முதல் 5 கிராம்தான். அதன் உட்பகுதியான அகணியில் அட்ரினலின் ஊறுகிறது. வெளிப்பகுதியான புறணி மூன்று அடுக்குகளால் ஆனது. மேலடுக்கில் ஊறும் ஆல்டோஸ்டீரோன் உடலின் உப்பையும் நீரையும் காக்கிறது. நடு அடுக்கில் கார்ட்டிசால். அடியடுக்கில்தான் டிஹெச்இஏவும், அதனுடன் சல்பேட் சேர்ந்த வடிவமான டிஹெச்இஏ-எஸ்ஸும் உண்டாகின்றன. மனித இரத்தத்தில் சுற்றும் ஸ்டீராய்டு ஹார்மோன்களில் அளவில் மிக அதிகமானது இந்தச் சல்பேட் வடிவம். இளைஞர் ஒருவரிடம் டெஸ்டோஸ்டீரோனைவிட நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். டிஹெச்இஏ இரத்தத்திலிருந்து விரைவில் நீங்கிவிடும். சல்பேட் வடிவம் பல மணி நேரம் நிலைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் இருப்பாக உதவுகிறது. 'டிஹெச்இஏ-எஸ்' என்று பரிசோதனை நிலையத்தில் அளந்து தருவது இதைத்தான்.

கொலஸ்ட்ரால் முதலில் பிரெக்னெனலோனாகவும், பிறகு டிஹெச்இஏவாகவும் மாறுகிறது. இதுவரை நடப்பது சுரப்பிக்குள். அதன் பிறகு டிஹெச்இஏ இரத்தத்தில் பயணித்துத் தோல், கொழுப்பு, எலும்பு, மூளை என்று பல திசுக்களை அடைகிறது. அந்தந்தத் திசுவில் எந்த நொதி இருக்கிறதோ அதைப் பொறுத்து ஆன்ட்ரோஸ்டெனிடியோனாகி, டெஸ்டோஸ்டீரோனாகவோ, ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ரடயாலாகவோ முடிகிறது. நூல்கண்டு ஒன்றுதான், அதில் நண்டு வலை பின்னுவதா, சூடை வலை பின்னுவதா என்பது பின்னுகிறவர் கையில் இருப்பதுபோல. மாத்திரையை விழுங்குகிறவர் தனக்கு வேண்டியது டெஸ்டோஸ்டீரோன் மட்டுமே என்று நினைக்கலாம். திசு அவரைக் கேட்டு முடிவெடுப்பதில்லை.

ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் புட்டெனான்ட் 1934-ல் மனிதச் சிறுநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பாலியல் ஹார்மோன்கள் பற்றிய ஆய்வுக்காக அவருக்கு 1939-ன் நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினல் சுரப்பி சல்பேட் வடிவத்தையே நேராகச் சுரக்கிறது என்பதை 1960-ல் காட்டியவர் பிரான்சின் எத்தியென்-எமில் போலியோ.

ஆறு முதல் எட்டு வயதுக்குள் டிஹெச்இஏ ஏறத் தொடங்குகிறது. குழந்தையின் அக்குளில் வியர்வை வாடை மாறுவதும் மெல்லிய முடி அரும்புவதும் அதன் வெளி அடையாளங்கள். இருபதுகளில் உச்சத்தைத் தொடும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, எழுபது, எண்பது வயதில் உச்ச அளவின் பத்து முதல் இருபது விழுக்காடு மட்டுமே மிஞ்சும். இந்த இறங்குமுகம்தான் வியாபாரிகளின் கண்ணில் பட்டது. வயதோடு குறைகிறது என்றால், அதைத் திரும்ப ஊற்றினால் வயதும் திரும்பும் என்ற கணக்கு. எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் கிடைத்த நல்ல முடிவுகள் அந்தக் கணக்குக்குத் தூபம் போட்டன. ஆனால் எலியின் அட்ரினல் சுரப்பியில் டிஹெச்இஏ ஏறத்தாழ ஊறுவதே இல்லை. இயல்பாகவே இந்த ஹார்மோன் இல்லாத உயிரிடம் கிடைத்த முடிவை, இது கொட்டிக் கிடக்கும் மனிதனுக்கு ஏற்றிச் சொன்னது அடிப்படைப் பிழை.

நோயாளிக்கு உதவுகிறதா?

சிலருக்கு உதவுகிறது, அந்தச் சிலர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலாவது, அட்ரினல் சுரப்பியே செயலிழந்தவர்கள். அடிசன் நோய் எனப்படும் இந்நிலைக்கு நம் நாட்டில் காசநோய் முக்கியமான காரணங்களில் ஒன்று. கிருமி நுரையீரலோடு நிற்காமல் சுரப்பியையும் அரித்துவிடும். களைப்பு, எடை இழப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பை வாரித் தின்னத் தோன்றுதல், உடல் கறுத்தல் ஆகியவை அறிகுறிகள். வாலிநோக்கத்து உப்பளத்திலோ படகிலோ நாளெல்லாம் வெயிலில் நிற்கும் ஒருவர் கறுத்துப் போனால் யாருக்கும் சந்தேகம் வராது. வெயில் என்றே சொல்லிவிடுவார்கள். வெயில் படாத இடங்களைப் பார்க்க வேண்டும்: ஈறு, கன்னத்தின் உட்புறம், உள்ளங்கை ரேகைகள். அங்கேயும் கறுப்பு படர்ந்திருந்தால் அது வெயிலின் வேலையன்று. இவர்களுக்கு உயிர் காப்பது கார்ட்டிசால் மாற்று மருந்துதான். அதை எடுத்த பிறகும் சோர்வும் மனத்தளர்ச்சியும் நீங்காத பெண்களுக்கு டிஹெச்இஏ கூடுதலாகத் தரப்படுவதுண்டு. ஜெர்மனியில் 24 பெண்களிடம் நடத்தப்பட்டு 1999-ல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் எடுத்தபோது மனநிலையும் பாலுணர்வும் மேம்பட்டன.

இரண்டாவது, மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பு வறண்டு உடலுறவில் வலி காணும் பெண்கள். அங்கேயே வைக்கும் 6.5 மில்லிகிராம் ப்ராஸ்டீரோன் மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-ல் ஒப்புதல் தந்தது. மருந்து வேலை செய்யும் இடம் சிறியது, அளவும் சிறியது என்பதால் இது பெருமளவு தெளிவான பயன்பாடு.

மூன்றாவது, கருமுட்டை இருப்பு குறைந்த பெண்கள். நம் ஊர்ப் பெண்களின் கையில் இந்த மாத்திரை வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்; நாளைக்கு மூன்று வேளை 25 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. சூலகத்தில் முட்டை வளரும் சூழலில் ஆண் ஹார்மோனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது இதன் பின்னுள்ள வாதம். ஆய்வுகளின் முடிவுகள் ஒருமுகமாக இல்லை. சில நிலையங்கள் நம்பி எழுதுகின்றன, சில எழுதுவதில்லை. ஒன்று மட்டும் தெளிவு: பிசிஓஎஸ் எனப்படும் சூலக நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பெண்கள் பலருக்கு டிஹெச்இஏ-எஸ் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும். ஆகவே, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை தங்கியது என்று அவருடைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்குவது எதிர்விளைவைத் தரலாம்.

முதுமையைத் தள்ளிப்போடும் என்ற பேச்சுக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் விடை சொல்லியிருக்கின்றன. பிரான்சின் எத்தியென்-எமில் போலியோவின் குழு 60 முதல் 79 வயது வரையிலான 280 பேருக்கு ஓராண்டு நாள்தோறும் 50 மில்லிகிராம் கொடுத்து 2000-ல் வெளியிட்ட முடிவில், முக்கியமாக எழுபதைக் கடந்த பெண்களிடம் எலும்பு, தோல், பாலுணர்வு ஆகியவற்றில் சிறு நன்மைகள் தென்பட்டன. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 87 முதியவர்களிடமும் 57 மூதாட்டிகளிடமும் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில் தசையின் அளவு, உடல் வலு, இன்சுலின் செயல்பாடு, வாழ்க்கைத் தரம் எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இரத்தத்தில் ஹார்மோன் அளவு இளைஞரின் அளவுக்கு ஏறியது. உடம்பு இளமைக்குத் திரும்பவில்லை.

இருபத்திரண்டு வயதுக்காரரின் உடம்பில்

ஆரோக்கியமான இளைஞரிடம் வருவோம். வயதுக்கு வந்த ஆணின் டெஸ்டோஸ்டீரோனில் 95 விழுக்காட்டுக்கு மேல் விரைகளிலிருந்தே வருகிறது. அட்ரினல் வழியாக வரும் பங்கு மிகச் சிறியது. போதாக்குறைக்கு, இருபதுகளில் அவருடைய சொந்த டிஹெச்இஏவே வாழ்நாள் உச்சத்தில் நிற்கிறது. அதன்மேல் ஒரு மாத்திரை என்பது கடலில் கரைத்த பெருங்காயம்.

அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. எடைப் பயிற்சி செய்யும் இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 150 மில்லிகிராம் டிஹெச்இஏவும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் எட்டு வாரம் தரப்பட்டன. இரு தரப்பாரும் பயிற்சியால் வலுப்பெற்றனர். வலுவிலும் தசையிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. இரத்த டெஸ்டோஸ்டீரோனும் ஏறவில்லை. பயிற்சி செய்ததற்கான பலனை மாத்திரையின் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் ஜிம்மில் நடக்கிறது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுடைய ஆண் ஹார்மோனில் கணிசமான பகுதி அட்ரினல் தரும் மூலச்சரக்கிலிருந்தே வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஏறத்தாழ எல்லாமே அப்படித்தான். இயல்பான அளவு குறைவு என்பதால், வெளியிலிருந்து வரும் சிறு அளவும் பெரிய விழுக்காட்டு உயர்வாகும். ஆகவே விளையாட்டில் இதனால் ஆதாயம் கிடைக்கக்கூடியவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அது பெண்ணைத்தான். அதிக விலை கொடுப்பவரும் அவரே. எண்ணெய் வழியும் தோல், முகப்பரு, மேலுதட்டிலும் தாடையிலும் முடி, தலைமுடி கொட்டுதல், மாதவிடாய் தவறுதல் ஆகியவை வரலாம். குரல் தடித்தால் பிறகு மாத்திரையை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம்.

ஆண், பெண் இருவருக்கும் பொதுவான பக்கவிளைவுகளும் உண்டு. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்டிஎல் குறையலாம். மார்பகம், சூலகம், கருப்பை, புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும் முன்பு இருந்தவர்களும் இதைத் தொடக்கூடாது. அந்தப் புற்றுகளில் பல ஈஸ்ட்ரோஜனாலோ டெஸ்டோஸ்டீரோனாலோ வளர்பவை. இருமுனை மனநோய் உள்ளவர்களிடம் கட்டுக்கடங்காத எழுச்சி நிலையைத் தூண்டியதாகவும் மருத்துவப் பதிவுகள் உள்ளன. ஆணுக்கு மார்பு பெருக்கலாம்; நூல்கண்டு ஈஸ்ட்ரோஜன் பக்கம் திரும்பியதன் அடையாளம் அது.

பயனில்லை என்றால் தடை எதற்கு?

நியாயமான கேள்வி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா, ஒரு பொருளைத் தடைப் பட்டியலில் சேர்க்க மூன்று அளவுகோல்களைப் பார்க்கிறது: ஆட்டத்திறனைக் கூட்டுகிறதா அல்லது கூட்டக்கூடியதா, உடல்நலத்துக்குக் கேடா, விளையாட்டின் நெறிக்கு முரணா. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும். டெஸ்டோஸ்டீரோனாக மாறக்கூடியது, பெண்களிடம் ஆண் ஹார்மோனை ஏற்றுவது, உடல்நலக் கேடுகள் உள்ளது என்ற நிலையில் டிஹெச்இஏ அனபாலிக் பிரிவில், போட்டி நாளில் மட்டுமன்றி எல்லா நாளும் தடைசெய்யப்பட்டதாக இடம்பெற்றிருக்கிறது. இதன் உறவான 7-கீட்டோ டிஹெச்இஏவும் அவ்வாறே. கார்ட்டிசால் வகை மாத்திரைகளுக்கும் ஊசிகளுக்கும் போட்டிக் காலத்தில் மட்டுமே தடை என்பதோடு இதை ஒப்பிட்டால் கண்டிப்பின் அளவு புரியும்.

அமெரிக்கக் கடை அலமாரியில் இது எப்படி வந்தது என்பது அறிவியலின் கதையன்று, சட்டத்தின் கதை. 1985-ல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் சீட்டில்லாத விற்பனையை நிறுத்தியது. 1994-ல் வந்த உணவுத் துணைப்பொருள் சட்டம் இதைத் திரும்ப அலமாரியில் ஏற்றியது. 2004-ல் அனபாலிக் ஸ்டீராய்டு கட்டுப்பாட்டுச் சட்டத்தை இறுக்கி ஆன்ட்ரோஸ்டெனிடியோன் போன்ற முன்னோடிகளைத் தடைசெய்தபோதும் டிஹெச்இஏவுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. பக்கத்து நாடான கனடாவிலோ அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 'அமெரிக்காவிலேயே சீட்டில்லாமல் விற்கிறார்கள்' என்பது அந்தப் பொருளின் பாதுகாப்புக்குச் சான்றாகாது; அந்நாட்டு நாடாளுமன்றத்தில் யாருடைய குரல் ஓங்கியது என்பதற்கு மட்டுமே சான்று.

இந்தியாவில் நிலை வேறு. 2016-ன் துணை உணவு விதிமுறைகளின்படி அத்தகைய பொருள்களில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கக்கூடாது. ஆகவே மருத்துவர் சீட்டின்பேரில் மருந்தாக வருவது ஒன்று. பவுடர் டப்பாவிலோ, வெளிநாட்டிலிருந்து திரும்பும் சபுராளியின் பெட்டியிலோ வருவது முற்றிலும் வேறொன்று.

அந்த டப்பாவை அருகில் வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஆண்மை', 'ஆற்றல்', 'இயற்கை'. பின்பக்கத்தில் கடுகு எழுத்தில் முப்பது பொருள்கள். அதில் டிஹெச்இஏ என்றே எழுதியிருக்கலாம். ப்ராஸ்டீரோன் என்றோ, ஆன்ட்ரோஸ்டெனலோன் என்றோ, முழு வேதிப்பெயராகவோ எழுதியிருக்கலாம். எழுதாமலே கலந்திருக்கவும் கூடும். காட்டு வள்ளிக்கிழங்குச் சாறு என்ற விளம்பரமும் உண்டு. அந்தக் கிழங்கிலுள்ள டயோஸ்ஜெனினிலிருந்து தொழிற்சாலையில் டிஹெச்இஏ செய்ய முடியும் என்பது உண்மை. கிழங்கைத் தின்றவரின் உடம்பால் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. மன்னார் வளைகுடாக் கடலட்டையை வீரியம் தரும் என்று சொல்லி 2001-லிருந்து தடை இருந்தும் கடத்துகிறார்களே, அந்த வியாபாரத்தின் தரைப் பதிப்பு இது.

இத்தகைய டப்பாவுக்குக் கொடுத்த விலைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு லாஷான் மெரிட். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்கர். 2009 இறுதியிலும் 2010 தொடக்கத்திலுமாக அவர் கொடுத்த மூன்று மாதிரிகளில் டிஹெச்இஏ கண்டறியப்பட்டது. தெருமுனைக் கடையில் வாங்கிய ஆண்மை மாத்திரையிலிருந்து அது வந்தது என்று அவர் சொன்ன விளக்கம் ஏற்கப்பட்டது; ஆட்டத்திறனுக்காக எடுக்கவில்லை என்பதும் ஏற்கப்பட்டது. அப்படியும் 21 மாதத் தடை. உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. நோக்கம் தண்டனையின் அளவைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது.

உடம்பில் ஊறியதா, டப்பாவில் வந்ததா: எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

'நம்ம உடம்பிலேயே இருக்கிறதுதானே, எப்படிப் பிடிப்பான்' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆகவே சோதனையின் முறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

1. ஆட்டம் முடிந்ததும், அல்லது வீட்டுக்கே வந்து, ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர் வீரருக்கு அறிவிப்புக் கொடுக்கிறார். அந்த நொடியிலிருந்து சிறுநீர் கொடுத்து முடிக்கும்வரை ஒருவர் உடனிருந்து கவனிப்பார். குவளையில் சிறுநீர் விழுவதையும் நேரில் பார்ப்பார். குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும். மூன்று மணி நேரம் வெயிலில் ஆடி வியர்த்தவருக்கு அந்த அளவு எளிதில் வராது. வரும்வரை அறையில் தண்ணீர் குடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஏ, பி என்ற இரண்டு புட்டிகளில் அவரே ஊற்றி, மூடியைத் தம் கையாலேயே திருகி முத்திரையிட வேண்டும். கடந்த ஏழு நாட்களில் எடுத்த மருந்து, பவுடர் எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும்.

2. ஆய்வகம் முதலில் பார்ப்பது ஸ்டீராய்டுகளின் விகிதத்தை. டெஸ்டோஸ்டீரோனும் அதன் நெருங்கிய உறவான எபிடெஸ்டோஸ்டீரோனும் பெரும்பாலோரிடம் ஏறத்தாழச் சம அளவில் சிறுநீரில் வெளியேறும். முன்னது பின்னதைப்போல நான்கு மடங்குக்கு மேல் போனால் சந்தேக மணி அடிக்கும். 2014 முதல், ஒவ்வொரு வீரரின் பழைய அளவுகளும் ஒரு கோப்பாகத் திரட்டப்படுகின்றன; ஊரார் சராசரியோடு ஒப்பிடாமல் அவரை அவரோடே ஒப்பிடுகிறார்கள். நான்கு மடங்கைத் தாண்டாவிட்டாலும், தம் வழக்கத்திலிருந்து விலகினாலே மாட்டிக்கொள்ளலாம்.

3. இறுதித் தீர்ப்பைச் சொல்வது கரிம ஐசோடோப்புச் சோதனை. கரிம அணுக்களில் பெரும்பான்மை எடை 12; ஏறத்தாழ நூற்றில் ஒன்று எடை 13. நெல், சோயா, காட்டு வள்ளி, பனை போன்ற தாவரங்கள் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் முறையில் எடை 13 கொண்ட அணு குறைவாகவே சேரும். கம்பு, கேழ்வரகு, சோளம், கரும்பு ஆகியவற்றில் அது கூடுதலாகச் சேரும். தொழிற்சாலை டிஹெச்இஏ பெரும்பாலும் சோயாவிலிருந்தோ காட்டு வள்ளியிலிருந்தோ செய்யப்படுவதால் 'இலகுவான' கரிமத்தைச் சுமக்கிறது. நம் உடம்போ சோறு, மீன், சீனி, கேழ்வரகுக் கூழ் என்று எல்லாம் கலந்து உண்ட கரிமத்தால் ஆனது. அதனால் நாமே ஊறவைக்கும் டிஹெச்இஏ சற்றுக் 'கனமாக' இருக்கும்.

வேறுபாடு ஆயிரத்தில் சில பங்குதான். கருவி அதையும் அளந்துவிடும். தேனில் கரும்புச் சீனி கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் இதே தத்துவம்தான் பயன்படுகிறது. பனங்கருப்பட்டியில் சீனிக் கலப்படத்தையும் இதனால் பிடிக்க முடியும் என்பது நம் இராமநாதபுரம் மாவட்டத்தார் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. 'நான் மூன்று வேளையும் சோறுதான் தின்கிறேன், என் கரிமம் இலகுவாகத்தான் இருக்கும்' என்ற வாதமும் எடுபடாது. ஏனெனில், வெளியிலிருந்து வராத வேறொரு ஸ்டீராய்டின் கழிவுப்பொருளை அதே சிறுநீரிலிருந்து எடுத்து அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். சாப்பாடு காரணமென்றால் இரண்டும் சேர்ந்தே இலகுவாகும். மாத்திரை காரணமென்றால் ஒன்று மட்டும் விலகி நிற்கும்.

பிடிபட்ட பிறகு

2023-ல் இந்தியாவில் எடுக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 தவறின என்று வாடாவின் புள்ளிவிவரம் சொல்கிறது. 3.8 விழுக்காடு, பெருமளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மோசமான நிலை. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் அதிகாரத்துக்கு 2022-ன் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இப்போது சட்ட வலுவைத் தந்திருக்கிறது. கபடி அதன் எல்லைக்கு வெளியே இல்லை.

அனபாலிக் பிரிவுப் பொருளுக்கு முதல் குற்றத்துக்கே வழக்கமான தடை நான்கு ஆண்டு. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று வீரர் நிறுவினால் இரண்டாகக் குறையலாம். கலப்படமான பொருளால் வந்தது என்று காட்டினால் இன்னும் குறையலாம். நிறுவும் சுமை அவருடையது. கடைப் பில் இல்லை, டப்பா குப்பைக்குப் போய்விட்டது, கொடுத்த அண்ணன் துபாய் திரும்பிவிட்டார் என்றால் நிறுவ ஒன்றும் மிஞ்சாது. ஏதேனும் பவுடர் எடுத்தே தீர வேண்டும் என்கிறவர், பில்லையும் அதே தொகுதி எண்ணுள்ள பிரிக்காத டப்பா ஒன்றையும் பத்திரப்படுத்தி வைப்பதற்கு இதுவே காரணம். மருத்துவத் தேவைக்காகத் தடைப்பொருள் எடுக்க வேண்டிய வீராங்கனைகள், உதாரணமாகக் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் இருப்பவர்கள், மாத்திரையைத் தொடங்குமுன்பே நாடாவிடம் சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவரின் சீட்டு மட்டும் விலக்கு ஆகாது, விண்ணப்பித்தாலே கிடைத்துவிடும் என்றும் இல்லை.

கபடியில் நான்கு ஆண்டு என்பது பலருக்கு ஆட்ட வாழ்க்கையின் பாதி. அந்தக் காலத்தில் மாநில அணி, பல்கலைக்கழக அணி என்பவை மட்டுமல்ல, கூட்டமைப்போடு இணைந்த மாவட்டச் சங்கத்தின் அனுமதியோடு நடக்கும் உள்ளூர்ப் போட்டியிலும் இறங்க முடியாது. அணியோடு சேர்ந்து பயிற்சி எடுப்பதற்கும், பயிற்சியாளராக இருப்பதற்கும் தடை உண்டு. சோதனையில் தேறிவிட்டவருக்கும் கணக்கு அன்றே முடிவதில்லை. மாதிரியைப் பத்து ஆண்டுகள்வரை உறையவைத்து, புதிய முறை வரும்போது மீண்டும் சோதிக்க விதி இடம் தருகிறது.